மகளிர் இரட்டையர் டென்னிஸில் மூன்றாவது செட் ஸ்கோர் 10-8 என்று வருவது ஏன்?

அது செட்டே இல்லை, மேட்ச் டைபிரேக். மகளிர் டென்னிஸ் சங்கமான டபிள்யூடிஏ நடத்தும் தொடர்களில் இரு ஜோடியும் ஆளுக்கொரு செட் எடுத்துவிட்டால், அடுத்து 10 புள்ளிகளை முதலில் எட்டுபவர்களுக்கு வெற்றி. இரண்டு புள்ளி வித்தியாசம் வேண்டும் என்பதால் 15-13 கூட வரலாம்.

அந்தத் தொடர்களின் சாதாரண கேம்களில் 40-40 ஆனாலும் அட்வான்டேஜ் கிடையாது, அதாவது இரண்டு புள்ளி முன்னிலை தேவையில்லை. அடுத்த புள்ளியோடு கேம் முடிந்துவிடும். சர்வை எந்தப் பக்கம் வாங்குவது என்பதை அதை வாங்கும் ஜோடியே தேர்ந்தெடுக்கலாம்.

எல்லாம் ஆட்டம் இழுக்காமல் இருக்கத்தான். ஒற்றையரும் ஆடுபவர்களுக்கு வசதி. எனக்கென்னவோ பாதியில் எழுப்பிவிட்ட மாதிரி இருக்கும்.

விம்பிள்டன் போன்ற நான்கு பெரிய போட்டிகளான கிராண்ட்ஸ்லாமில் மூன்றாவது செட் முழுதாக உண்டு. 2015 விம்பிள்டன் இறுதியில் அதில் 2-5 என்று பின்தங்கிய சானியா மிர்சா, மார்ட்டினா ஹிங்கிஸ் ஜோடி 7-5 என்று வென்றது. டைபிரேக்கில் அப்படி மீள அவகாசம் ஏது?