ஓடையோரக் கேள்விகள்: முதல் நாள் தூண்டில் வேண்டாம்

போன இதழில் ஆற்று மீன்களைப் பற்றி எழுதியதும் கடிதங்கள் குவிந்துவிட்டன. பாதிக்கு மேல் குளிர்ந்த தண்ணீரில் வாழ்கிற ட்ரவுட் மீனைப் பற்றியவை. குமரி மாவட்டக் குலசேகரத்துத் தோட்டில், அதாவது ஓடையில், தூண்டில் பழகிவிட்டு, பிறகு ஏழு வருடம் வடக்கு இங்கிலாந்தில் குடும்பத்தோடு இருந்தவன் நான். அதனால் இரண்டு ஊர்த் தண்ணீரும் கொஞ்சம் தெரியும். தெரிந்ததைச் சொல்கிறேன்.

மேல்கோதையாறு பக்கம் போனால் நல்ல குளிர், பாறை, அருவி, கண்ணாடி மாதிரித் தண்ணீர் எல்லாம் இருக்கிறது. வீடியோக்களில் பார்க்கிற ட்ரவுட் நம்ம ஓடைகளில் ஏன் இல்லை? கொண்டுவந்து விட்டால் வாழுமா?
*வாசகர், குலசேகரம்*

வாழாது. வாழும் என்றாலும் விடக்கூடாது.

நமக்குக் குளிராகத் தெரிவது காற்று. ட்ரவுட்டுக்கு வேண்டியது குளிர்ந்த தண்ணீர். 10 முதல் 16 டிகிரி வரை அது சுகமாக இரை எடுக்கும். 20ஐத் தாண்டினால் திணறும், 25 டிகிரி நீடித்தால் செத்துப்போகும். காரணம் சூடு மட்டும் இல்லை. 10 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 28 டிகிரியில் 8க்கும் கீழே போய்விடும். நம்ம ஓடைத் தண்ணீர் மலையில் இருந்து இறங்க இறங்கச் சூடேறிவிடுகிறது, திற்பரப்புக்கு வருவதற்குள் அது குளிக்கச் சுகமான தண்ணீர். குளிக்கிறவனுக்குச் சுகமானது ட்ரவுட்டுக்குச் சுகம் இல்லை.

தமிழ்நாட்டில் ட்ரவுட் என்றால் நீலகிரி. அங்கேயும் அது சொந்த மீன் இல்லை. 1860களில் ஃபிரான்சிஸ் டே என்ற மீன் ஆய்வாளர் கொண்டுவர முயன்று கைகூடாமல் போனது, அப்புறம் ஹெச்.சி. வில்சன் காலத்தில், 1907 வாக்கில் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் வைத்த பிறகுதான் வானவில் ட்ரவுட் காலூன்றியது. இத்தனைக்கும் அது ஊட்டி உயரம்.

விடக்கூடாது என்றதற்குக் காரணம் நம்ம தோட்டு மீன்கள்தான். வாய்க்கு அடியில் உள்ள தட்டால் பாறையில் ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்கிற மீன் இருக்கிறது பாருங்கள், அருவிக்குக் கீழே கால் வைத்தால் விரல் இடுக்கைக் கொத்துமே அதுவும், மணலில் புதையும் அயிரையும், தண்ணீருக்கு மேலாக மின்னி மறையும் சின்னக் கெண்டைகளும் இந்த ஓடைக்காகவே உருவானவை. 1952இல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபி இன்று நம்ம குளங்களில் என்ன பாடு படுத்துகிறது என்று வலை வீசுகிற யாரிடமும் கேளுங்கள். மீன்தொட்டியில் வளர்த்து அலுத்துப்போன மீனைக்கூட ஆற்றில் விடாதீர்கள், தயவுசெய்து.

எனக்குச் சொந்த ஊர் மார்த்தாண்டம். இரண்டு வருடமாக ஸ்காட்லாந்தில் இன்வர்னஸ் பக்கம் ஆஸ்பத்திரி வேலை. சின்ன வயதில் தாமிரபரணியில் தூண்டில் போட்டவன். இங்கே காசு கட்டிப் பிடிக்கிற, மீனை வளர்த்து விட்ட குளங்கள் பிடிக்கவில்லை. சின்ன ஓடைகளில் தானாக வாழ்கிற ட்ரவுட்டை எப்படித் தேடுவது, எப்படிப் பிடிப்பது?
*வாசகர், ஸ்காட்லாந்து*

இந்த மாதம் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, அதனால் பதில் நீளமாகத்தான் இருக்கும்.

முதலில் சட்டம். ஸ்காட்லாந்தில் ஆற்று ட்ரவுட்டை மார்ச் 15 முதல் அக்டோபர் 6 வரைதான் பிடிக்கலாம். அங்கே 2003ஆம் ஆண்டுச் சட்டம் யார் நிலத்திலும் நடந்துபோக உங்களுக்கு உரிமை தருகிறது, ஆனால் மீன்பிடிக்க அந்த உரிமை செல்லாது, பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். ஓடை யாருடையதோ அவரிடம் கேட்க வேண்டும். இங்கிலாந்துக்கு லீவில் போனால் அங்கே 13 வயது ஆன எல்லோருக்கும் தூண்டில் லைசென்ஸ் வேண்டும், அதற்கு மேல் உரிமையாளர் அனுமதியும் வேண்டும்.

கேட்கக் கூச்சப்படாதீர்கள். நான் முதல்முறை ஒரு பண்ணை வீட்டுக் கதவைத் தட்டியபோது கை நடுங்கியது. அந்த வீட்டுப் பெரியவர், ஆட்டுக்குட்டி போடுகிற காலம் முடிந்தபின் வா, கேட்டைச் சாத்திவிட்டுப் போ, நாயைக் கூட்டி வராதே என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த ஆறு வருடம் அந்த ஓடை எனக்குத் திறந்தே இருந்தது.

தேடுவது வரைபடத்தில் ஆரம்பிக்கட்டும். 1:25,000 அளவு வரைபடம் வாங்குங்கள், நாலு சென்டிமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர், மயிரிழை மாதிரி ஓடைகூட நீலக்கோடாக இருக்கும். அந்தக் கோட்டை உயரக்கோடுகள் எங்கெங்கே வெட்டுகின்றன என்று பாருங்கள். உயரக்கோடுகள் நெருக்கி அடித்துக்கொண்டு வந்தால் அங்கே அருவி, மீன் நிற்க இடம் இருக்காது. ரொம்ப விலகிப் போனால் சதுப்பு. இரண்டுக்கும் நடுவில், ஒரே சீராக இறங்குகிற இடம்தான் உங்களுக்கு வேண்டியது. அங்கே சின்ன அருவி, கயம் (தண்ணீர் ஆழமாகத் தேங்கும் இடம்), சின்ன அருவி, கயம் என்று படிக்கட்டு மாதிரித் தண்ணீர் இறங்கும். கார் நிறுத்துகிற இடத்தில் இருந்து இருபது நிமிட நடை இருந்தால் இன்னும் நல்லது, அந்த நடைக்குப் பலர் வருவதில்லை. ஓடை ஒரு பாய்ச்சலில் தாண்டுகிற அகலம்தானே என்று ஒதுக்காதீர்கள். நான் பிடித்ததில் மனதில் நிற்கிற மீன்கள் பாதி அப்படிப்பட்ட ஓடையில் கிடைத்தவை.

அப்புறம் நான் சொல்வதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். முதல் நாள் தூண்டில் எடுக்காமல் போங்கள். கையில் கம்பு இருந்தால் கண் மீனை மட்டும் தேடும், ஓடையைப் பார்க்காது. வெறுங்கையோடு ஒரு கிலோமீட்டர் நடந்து, கயம் எங்கே, கரை உள்ளே குடைந்திருப்பது எங்கே, மரவேர் தொங்குவது எங்கே என்று பாருங்கள். நுரை எந்த வழியாகப் போகிறது என்று கட்டாயம் பாருங்கள், நுரை போகிற வழியில்தான் இரையும் போகும், அதற்குப் பக்கத்தில்தான் மீன் நிற்கும்.

ஒரு கல்லையும் புரட்டிப் பாருங்கள். அடியில் ஒரு நெல்மணி நீளத்துக்கு, மணல்மணிகளை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய குழல் மாதிரி ஒரு கூடு இருக்கும். உள்ளங்கையில் கொஞ்சம் தண்ணீரோடு வைத்து அசையாமல் இருந்தால், ஒரு நிமிடத்தில் கறுத்த தலையும் ஆறு காலும் வெளியே நீளும், கூட்டையும் இழுத்துக்கொண்டு நடக்க ஆரம்பிக்கும். காடிஸ் பூச்சியின் புழு அது. நம்ம காளிகேசம் ஓடைக் கல்லிலும் இதன் உறவுக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். இது நிறைய இருந்தால் தண்ணீர் நல்ல தண்ணீர், மீனுக்குச் சாப்பாடும் இருக்கிறது என்று அர்த்தம். பார்த்துவிட்டுக் கல்லை இருந்தபடியே வைத்துவிடுங்கள்.

இனிப் பிடிப்பது. ட்ரவுட் ஒழுக்குக்கு, அதாவது நீரோட்டத்துக்கு, எதிராக, மேல்பக்கம் பார்த்து நிற்கும். எனவே நீங்கள் கீழே இருந்து மேலே ஏறிப் போகவேண்டும், அதன் முதுகுக்குப் பின்னால். தண்ணீருக்குள் இருந்து பார்க்கிற மீனுக்கு வெளியுலகம் தலைக்கு மேலே ஒரு வட்டத்தின் வழியாகத்தான் தெரிகிறது. தாழ்ந்து இருக்கிற எதுவும் அந்த வட்டத்தின் விளிம்பில் நசுங்கிப்போய்ச் சரியாகத் தெரியாது. ஆகவே முழங்கால் போட்டு நகருங்கள். எனக்கு இதைச் சொல்லித் தந்தது விஞ்ஞானம் இல்லை, என் மாமா. எட்டு வயதில் நான் கரையில் குதித்து நின்றதும் கயத்தில் இருந்த கெண்டை எல்லாம் கலைந்து போனது. மாமா திட்டவில்லை. “மக்கா, ஒனக்க நெழல வெள்ளத்துக்குக் காட்டாத” என்றார். யார்க்‌ஷயரில் புல்மேல் மண்டியிட்டு இருந்தபோதும் காதில் அதுதான் கேட்டது.

ஆறு, ஏழு அடிக் கம்பு போதும், தூண்டில் நூல் மூன்றாம் எண் லைன். நீளமாக வீச வேண்டாம், இரண்டு கம்பு நீளத்துக்குள் வேலை முடிந்துவிடும். பூச்சி மாதிரிக் கட்டிய ஃப்ளை எது என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள், சின்ன ஓடை மீனுக்கு இரை குறைவு, விழுவதைப் பார்த்து யோசித்து நிற்க அதற்கு நேரம் இல்லை. தண்ணீரில் மிதக்கிற, உங்கள் கண்ணுக்குத் தெரிகிற ஒன்று போதும். ஆனால் அது ஒழுக்கோடு தானாகப் போகவேண்டும், லைன் இழுத்து ஃப்ளை கோடு கிழித்தால் மீன் வராது. கயத்தின் கீழ்முனையில் முதலில் போடுங்கள், அப்புறம் நடு, கடைசியில் தண்ணீர் விழுகிற தலைமுனை. தலைமுனைக்கு நேராகப் போனால் கீழே நிற்கிற மீன் வெருண்டு மேலே ஓடும், அது ஓடினால் மொத்தக் கயமும் போச்சு. ஒரு கயத்தில் மூன்று நாலு வீச்சு. வரவில்லையா, அடுத்ததுக்கு நடங்கள்.

கிடைப்பது ஒரு சாண் இருக்கும். அது குஞ்சு என்று நினைக்காதீர்கள், இரை குறைந்த மலை ஓடையில் ஒரு சாண் என்பது முட்டையிடுகிற வளர்ந்த மீன். முள்ளின் எதிர்க்கொக்கியை இடுக்கியால் நசுக்கிவிட்டுப் போங்கள், கையை நனைத்த பிறகே மீனைத் தொடுங்கள், தண்ணீரை விட்டு வெளியே தூக்காமலே முள்ளைக் கழற்றிவிடலாம். பழுப்பு முதுகு, மஞ்சள் வயிறு, விலாவில் சிவப்புப் பொட்டு, ஒவ்வொரு பொட்டையும் சுற்றி வெளிறிய வட்டம். ஒரு நொடி பார்த்துவிட்டு விடுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. இலையுதிர் காலத்தில் இருந்து வசந்தம் வரை சரளைக்கல் பரப்பில் கால் வைக்காதீர்கள், முட்டை அதற்குள்ளேதான் இருக்கும். ஒரு ஓடையில் இருந்து இன்னொரு ஓடைக்குப் போகும்முன் பூட்ஸையும் வலையையும் கழுவி நன்றாகக் காயவையுங்கள், நோயும் அந்நிய உயிர்களும் ஈரத்தில்தான் பயணம் போகின்றன.

பிடித்ததை விட்டுவிடுவதற்கு எதற்கு இத்தனை பாடு?
*வாசகி, தக்கலை*

நான் எல்லா மீனையும் விடுகிறவன் இல்லை. குளத்து விராலும் ஜிலேபியும் எங்கள் வீட்டில் குழம்பாகின்றன, பெரிய ஆற்றில் அனுமதித்த அளவுக்கு யாராவது எடுத்தாலும் தவறு சொல்ல மாட்டேன். ஒரு பாய்ச்சலில் தாண்டுகிற ஓடையில் ஒரு கயத்துக்கு வளர்ந்த மீன் இரண்டோ மூன்றோதான் இருக்கும். அதை எடுத்தால் அடுத்த வருடம் அந்தக் கயம் வெறும் தண்ணீர்.

எங்கள் ஊர்ப் பக்கம் மழை விட்டதும் சிலர் ராத்திரியில் தோட்டா போட்டும் பிளீச்சிங் பவுடர் கலக்கியும் ஆற்றில் மீன் பிடிக்கிறார்கள். கேட்டால் எப்போதும் உள்ளதுதானே என்கிறார்கள். மலையோர ஓடைகளில் தூண்டில் போடலாமா என்பதையும் சொல்லுங்கள்.
*வாசகர், கீரிப்பாறை*

வெடியும் விஷமும் 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டத்திலேயே குற்றம். எப்போதும் உள்ளது என்றால், அது குற்றம் என்பதும் நூற்றிருபது வருடத்துக்கு மேலாக உள்ளதுதான். பிளீச்சிங் பவுடர் கொட்டிய இடத்தில் நான் ஒருமுறை மறுநாள் காலை போய் நின்றிருக்கிறேன். எடுத்துப்போனது ஒரு வாளி மீன் இருக்கும். விட்டுப்போனது கரையோரம் முழுக்க வெள்ளை வயிற்றைக் காட்டிக் கிடந்தது, சுண்டுவிரல் நகம் அளவுக் குஞ்சு, நண்டு, இறால், தவளைக்குஞ்சு எல்லாம். கல்லைப் புரட்டினேன். ஒரு பூச்சி இல்லை. அந்தத் தண்ணீரைத்தான் கீழே இருக்கிற ஊர் குடிக்கிறது. ஆட்களோடு நேரில் மல்லுக்கு நிற்க வேண்டாம், ஊரில் நாலு பேர் சேர்ந்து எழுதி போலீசிலும் மீன்வளத்துறையிலும் கொடுங்கள், காட்டுக்குள் என்றால் வனத்துறையிலும் கொடுங்கள்.

ரிசர்வ் காட்டு ஓடையில் அனுமதி இல்லாமல் தூண்டில்கூடக் கூடாது, 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டம் அதைத் தடுக்கிறது. நம்ம மலையில் பெரும்பகுதி இப்போது சரணாலயமும்கூட. அங்கே ஓடையைப் பார்க்க மட்டும் போங்கள்.

என் மகளுக்கு ஏழு வயது. தூண்டில் போடவேண்டும் என்று நச்சரிக்கிறாள். எங்கே, எப்படி ஆரம்பிக்கலாம்?
*வாசகர், தோவாளை*

உங்கள் ஊருக்கு சானல் (பாசனக் கால்வாய்) போதும். வழக்கமாக ஜூன் முதல் தேதி கன்னிப்பூ நெல் சாகுபடிக்காக அணை திறப்பார்கள், அடுத்த போகமான கும்பப்பூ முடிந்து பிப்ரவரி கடைசி வரை சானலில் தண்ணீர் ஓடும். திறந்ததும் சில நாள் கலங்கலும் குப்பையுமாக வரும், தெளிந்த பிறகு கூட்டிப் போங்கள். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை கனத்துப் பெய்கிற நாளில் வேண்டாம். ஷட்டர் பக்கமும் மதகுப் பக்கமும் எந்த நாளும் வேண்டாம், அங்கே இழுப்பு அதிகம். வயலுக்குப் பிரிகிற சின்ன வாய்க்கால், பிள்ளைக்கு முழங்கால் ஆழத்துக்கு மேல் இல்லாத இடம், அதுதான் சரி.

அவள் உயரத்துக்கு ஒரு மூங்கில் குச்சி, அதே நீளத்துக்குத் தங்கூஸ் (நைலான் நூல்), இருப்பதிலேயே சின்ன முள், மயிலிறகுத் தண்டில் ஒரு தக்கை. எதிர்க்கொக்கியை நசுக்கிவிடுங்கள், விரலில் ஏறினாலும் சட்டென்று கழற்றலாம். மண்புழுவைச் சின்னத் துண்டாக நறுக்கி, அதை அவள் கையாலேயே கோக்க விடுங்கள். தக்கை முதலில் இரண்டு முறை லேசாகத் துடிக்கும், அது கொத்திப் பார்ப்பது. அப்போது இழுக்கக் கூடாது. சரிந்து ஒரு பக்கமாக உள்ளே போகும்போதுதான் இழுக்க வேண்டும். கெண்டை வந்தால் அவளே பிடிக்கட்டும். கெளுத்தி வந்தால் நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள், முதுகில் ஒன்றும் இரண்டு பக்கமும் ஒவ்வொன்றுமாக மூன்று முள் இருக்கும், குத்தினால் சாயங்காலம் வரை கடுக்கும்.

அதற்கு முன்னால் ஒருநாள் குச்சி எதுவும் இல்லாமல் அவளைச் சும்மா கூட்டிக்கொண்டு போய் அந்த வாய்க்காலின் கரையில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். மீன் எங்கே நிற்கிறது என்று அவள் காட்டட்டும்.