மாத நன்கொடை திரும்பிப்போனால் எப்படி எழுதுவது, எத்தனை முறை கேட்பது?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கத்தில் சின்ன முதியோர் இல்லம் நடத்தும் டிரஸ்டில் நான் பொருளாளர். மாதாமாதம் 100, 300, 500 என்று தருபவர்கள் 180 பேர், பெரும்பாலும் ஆட்டோபே அல்லது வங்கி மேண்டேட் (மாதாமாதம் கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ள அவர்கள் கொடுத்த அனுமதி). போன மாதம் 31 பேருடையது வரவில்லை. கமிட்டியில் ஒருவர் அந்த 31 பெயரையும் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். ஒருவர் கோபப்பட்டு, மேண்டேட்டையும் ரத்து செய்துவிட்டு குரூப்பை விட்டே போய்விட்டார். இன்னொருவர், யூபிஐயில் பணம் கழிந்துவிட்டது, ரசீது எங்கே என்கிறார். 10,000 ரூபாய் செக் ஒன்றும் திரும்பியிருக்கிறது, அதற்கு முன்பே ரசீது கொடுத்தாயிற்று. இதையெல்லாம் எப்படி எழுதுவது, எத்தனை தடவை கேட்கலாம்?

பதில்: முதலில் அந்த லிஸ்டை குரூப்பிலிருந்து எடுங்கள் அண்ணாச்சி, அதிக நாள் ஆகவில்லை என்றால் அட்மினால் முடியும். மீதி எல்லாம் அப்புறம்.

நீங்கள் கேள்வியில் எழுதவில்லை, ஆனால் உங்கள் கமிட்டி நண்பர் அந்த லிஸ்டுக்கு மேலே 'பாக்கி' என்று தலைப்பு போட்டிருப்பார், நான் பார்த்த டிரஸ்டுகளில் பாதி அப்படித்தான் எழுதுகின்றன. நன்கொடை கடன் இல்லை. அந்த 31 பேரும் உங்களுக்கு ஒரு பைசா தரவேண்டியவர்கள் இல்லை, ஆகவே வராத தொகையை வரவேண்டிய பணம் என்று பேரேட்டில் ஏற்றவும் கூடாது, நஷ்டம் என்று செலவில் எழுதவும் கூடாது. வங்கியில் ஏறினால் வரவு. ஏறாவிட்டால் பணக்கணக்கில் அதற்கு இடமே கிடையாது, அது போகவேண்டியது வேறொரு நோட்டுக்கு.

அந்த நோட்டில் ஒரு ஆளின் ஒரு மாத நன்கொடைக்கு ஒரே ஒரு வரி. எத்தனை முயற்சி நடந்தாலும் அதே வரிக்குக் கீழேதான் எழுத வேண்டும். மலைப் பக்கம் பத்துகாணியிலிருந்து ஒருவர் டவர் கிடைக்காமல் மூன்று தடவை 500 ரூபாய் அனுப்பப் பார்த்து நான்காவது தடவை போய்ச் சேர்ந்தது என்று வையுங்கள். கேட்வே (ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் நிறுவனம்) ரிப்போர்ட்டில் மூன்று தோல்வி, ஒரு வெற்றி என்று நாலு வரி வரும். அதை அப்படியே எண்ணி, 1,500 ரூபாய் கைவிட்டுப் போனது என்று பொதுக்குழுவில் வாசித்த டிரஸ்ட் ஒன்றை எனக்குத் தெரியும். உண்மையில் அங்கே ஒரு பைசாவும் போகவில்லை.

தேதி, நன்கொடையாளர் எண், தொகை, எந்த வழி, யூபிஐ என்றால் அதன் 12 இலக்கப் பரிவர்த்தனை எண், வங்கி சொன்ன காரணம், நாம் என்ன செய்தோம், அவர் என்ன சொன்னார், இவ்வளவு போதும். கார்டு எண்ணை மட்டும் எங்கேயும் எழுதி வைக்காதீர்கள். பணம் வாங்குகிறவர்கள் கார்டு எண்ணைச் சேமிக்கக் கூடாது என்று 2022 அக்டோபர் 1 முதலே ரிசர்வ் வங்கி தடுத்துவிட்டது, நோட்டில் பென்சிலால் எழுதுவதும் அதே ஆபத்துதான்.

இதில் உயிரான கட்டம் 'வங்கி சொன்ன காரணம்'. 31 பேர் என்று மொத்தமாகப் பார்த்தால் உங்களுக்கு ஒன்றும் புரியாது, காரணத்தை வைத்துப் பிரித்தால் பாதி வேலை முடிந்தது. வங்கிப் பக்கத்துக் கோளாறு என்றால் நன்கொடையாளருக்குப் போன் போடவே வேண்டாம், பணம் பிடிக்கும் கோரிக்கையை நாமே மறுபடி வங்கிக்கு அனுப்பினால் ஏறிவிடும். கணக்கு மூடியாயிற்று, மேண்டேட் காலம் முடிந்தது என்றால் எத்தனை தடவை அனுப்பினாலும் திரும்பத்தான் செய்யும், புது மேண்டேட் வாங்க வேண்டும். அவரே ரத்து செய்திருந்தால் அது தோல்வி இல்லை, அவர் சொன்ன பதில். இருப்பு இல்லை என்று வந்தால் கொஞ்சம் பொறுங்கள். வங்கி மேண்டேட் திரும்பும் ஒவ்வொரு தடவையும் அவருடைய வங்கி அவரிடம் அபராதம் பிடிக்கலாம், நூறு ரூபாய் நன்கொடைக்கு அதைவிடக் கூடுதலாகவே பிடிக்கிற வங்கிகள் உண்டு. நீங்கள் ஆர்வத்தில் ஒரே மாதத்தில் மூன்று தடவை அனுப்பினால், தானம் கொடுக்க வந்த மனுஷனுக்கு நீங்களே செலவு வைக்கிறீர்கள். ஒரு தடவை திரும்பினால் அந்த மாதத்தை விட்டுவிடுங்கள், அடுத்த தேதிக்குப் பார்க்கலாம்.

நம்ம குமரி மாவட்டத்தில் இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. குலசேகரம், அருமனை பக்கம் தொடர்மழை என்றால் ரப்பர் பால்வெட்டு கிடையாது, கூலியும் கிடையாது. உங்கள் 31 பேரின் ஊரையும் மாதத்தையும் சேர்த்து எழுதிப் பாருங்கள், பாதிப் பேருக்கு விளக்கம் அதிலேயே இருக்கலாம். அப்படிப்பட்டவர்களிடம் 'இரண்டு மாதம் நிறுத்தி வைக்கட்டுமா, சீசனில் மறுபடி தொடங்கலாமா' என்று நீங்களே முந்திக் கேட்டால் மேண்டேட்டை ரத்து செய்யமாட்டார்கள். துபாய், மஸ்கட்டில் இருப்பவர்களுக்குச் சம்பளம் ஏறும் தேதியைக் கேட்டு, பிடிக்கும் தேதியை அதற்கு மூன்று நாலு நாள் தள்ளி வையுங்கள்.

சரி, பணம் கழிந்துவிட்டது என்று சொல்பவர். அவர் பொய் சொல்லவில்லை, உங்கள் கணக்கிலும் வந்திருக்காது, இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கக்கூடியதுதான். அவரிடம் அந்த 12 இலக்க எண்ணை வாங்கி ஸ்டேட்மெண்டில் தேடுங்கள். இல்லையென்றால் நோட்டில் 'தோல்வி' என்று எழுதாதீர்கள், 'முடிவு தெரியவில்லை' என்று எழுதுங்கள், மறுபடி அனுப்பச் சொல்லவே சொல்லாதீர்கள், இரண்டும் வந்து சேர்ந்துவிட்டால் திருப்பித் தருவது உங்கள் தலைவலி. ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி வணிகர் க்யூஆரில் நின்றுபோன யூபிஐ பணம் 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தனிநபருக்கு அனுப்பியது என்றால் அடுத்த நாளுக்குள். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் வங்கி அவருக்குத் தரவேண்டும். ஆறாவது நாளும் திரும்பவில்லை என்றால் அவர் தன் வங்கியில் அந்த எண்ணைச் சொல்லிப் புகார் கொடுக்கட்டும். (பொருளாளரின் சொந்த நம்பருக்கு ஜிபே வாங்கும் பழக்கம் உங்களிடம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள், அது ஆடிட்டில் படுத்தும் பாடு தனிக்கதை.)

10,000 ரூபாய் செக்குக்கு வருவோம். வரவு வைத்திருந்தால் அதே தொகைக்கு எதிர்ப்பதிவு போட்டு வரவை நீக்குங்கள், திரும்பியதற்காக வங்கி உங்களிடம் பிடித்ததை வங்கிக் கட்டணம் என்று தனியாக எழுதுங்கள். ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டையில் 'ரத்து' என்று எழுதி, தேதியும் காரணமும் போட்டு, முடிந்தால் மூல ரசீதையும் வாங்கிப் பின் பண்ணி வையுங்கள். கிழித்து எறியக் கூடாது, ஆடிட்டர் கேட்பது எண் விட்டுப்போன ரசீதைத்தான். 80ஜி (நன்கொடையாளருக்கு வருமான வரிக் கழிவு) உள்ள டிரஸ்ட் என்றால் மே 31-க்குள் வருமான வரித்துறைக்குக் கொடுக்கும் 10பிடி என்ற நன்கொடையாளர் பட்டியலில் அந்தத் தொகை போய்விடக் கூடாது, ஏற்கெனவே போயிருந்தால் திருத்தப் பட்டியல் கொடுக்கலாம். கமிட்டியில் யாராவது வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம் என்று எழுந்தால் உட்காரச் சொல்லுங்கள். செக் திரும்பினால் வழக்குப் போடும் 138-வது பிரிவு கடனுக்கோ சட்டப்படி தரவேண்டிய பணத்துக்கோ கொடுத்த செக்குக்குத்தான், நன்கொடை அதில் வராது. இனிமேல் செக் பாஸான பிறகே ரசீது.

கேட்பது எத்தனை தடவை? என் கணக்கு இரண்டு. இரண்டு மூன்று நாளுக்குள் அவருக்கு மட்டும் ஒரு மெசேஜ், பத்து நாள் கழித்து ஒரு போன், அதோடு சரி. மெசேஜ் இப்படி இருக்கட்டும்: 'வணக்கம் சார், இந்த மாத நன்கொடை எங்கள் கணக்கில் வந்து சேரவில்லை. உங்கள் பக்கம் பணம் கழிந்திருந்தால் மறுபடி அனுப்ப வேண்டாம், சொல்லுங்கள், நாங்கள் பார்க்கிறோம். இந்த மாதம் விட்டுப்போனாலும் பரவாயில்லை.' இருப்பு இல்லை என்பதை எழுத்தில் சொல்லவே வேண்டாம், அந்த போனை வீட்டில் பிள்ளைகளும் பார்ப்பார்கள். லிங்கும் க்யூஆரும் அதில் வைக்காதீர்கள். 'உங்கள் பணம் மாட்டிக்கொண்டது, இதை ஸ்கேன் செய்து யூபிஐ பின் நம்பரைப் போடுங்கள், திரும்பி வரும்' என்று ஏமாற்றுகிறவர்கள் சுற்றுகிறார்கள், பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை என்பதை உங்கள் ஆட்களுக்கு நீங்களே சொல்லி வையுங்கள்.

போன் போடுகிறவர் யார் என்பதும் முக்கியம். லிஸ்ட் போட்ட அந்த நண்பர் வேண்டாம். முதலில் உடம்பு சுகமா என்று கேட்கத் தெரிந்தவர் போடட்டும். கணக்கு முடக்கம் என்று வங்கி சொன்னால் அந்த வீட்டில் சாவு நடந்திருக்கலாம், எடுத்ததும் பணத்தைப் பற்றிப் பேசிவிட்டு அப்புறம் மன்னிப்புக் கேட்டு நின்ற அனுபவம் எனக்கே உண்டு.

குரூப்பை விட்டுப் போனவரை மெசேஜில் சமாதானப்படுத்த முடியாது, தலைவரும் நீங்களும் நேரில் போய்ப் பாருங்கள், நன்கொடை பற்றி வாயே திறக்காதீர்கள். அவர் மேண்டேட்டை ரத்து செய்துவிட்டதால் நோட்டில் அவர் பெயருக்கு நேராக 'இனி கேட்க வேண்டாம்' என்று எழுதி, தேதி போட்டு, உங்கள் கையெழுத்தையும் போடுங்கள். இல்லையென்றால் அடுத்த வருடம் வரும் புதுப் பொருளாளர் பழைய லிஸ்டை எடுத்து வைத்துக்கொண்டு முதல் போனை அவருக்குத்தான் போடுவார்.