விளைச்சல் எங்கேயோ, விலை விருதுநகரில்

சென்ற இதழில் விருதுநகர் பஜாரைப் பற்றி நான்கு வரி எழுதினாலும் எழுதினேன், கடிதங்கள் குவிந்துவிட்டன. என் பிள்ளைப் பருவத்தில் பாதி அந்த ஊரில்தான் கழிந்தது, அதனால் இந்த இதழ் முழுக்க விருதுநகருக்கே.

அண்ணாச்சி, பேப்பரில் வாரம் தவறாமல் 'விருதுநகர் மார்க்கெட் நிலவரம்' என்று துவரம் பருப்பு, உளுந்து, கடலை எண்ணெய் விலை போடுகிறார்களே, அந்த ஊரில் இதெல்லாம் அவ்வளவு விளைகிறதா? ரயிலில் போகும்போது நான் பார்த்தது சீமைக் கருவேலமும் வெயிலும்தான். (மளிகைக் கடைக்காரர், திருப்பூர்)

நீங்கள் பார்த்தது சரிதான். சுற்றிலும் கரிசல் காடு, மழையை நம்பிய மானாவாரி. பருத்தி, கம்பு, சோளம், மல்லி, கொஞ்சம் மிளகாய், அவ்வளவுதான். துவரை மகாராஷ்டிரத்திலிருந்தும் குல்பர்கா பக்கமிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வருகிறது, உளுந்து பர்மாவிலிருந்து வருகிறது, பாமாயில் மலேசியா, இந்தோனேசியாவிலிருந்து கப்பலேறி வருகிறது. இத்தனையும் இந்த ஊர்க் கிட்டங்கிகளில், அதாவது சரக்குக் கிடங்குகளில், இறங்கி, மில்லில் உடைபட்டு, தரம் பிரிந்து, மறுபடி லாரி ஏறி உங்கள் கடை வரைக்கும் வந்து சேர்கிறது. வரத்து எவ்வளவு, இருப்பு எவ்வளவு, யாருக்குத் தேவை என்பது மூன்றும் ஒரே பஜாரில் தெரிந்துவிடுவதால் விலையும் அங்கேயே பேசி முடிகிறது. பருப்பு 100 கிலோ மூட்டைக் கணக்கு, எண்ணெய் 15 கிலோ டின் கணக்கு என்று நீங்கள் பேப்பரில் படிப்பது அந்தப் பேச்சின் முடிவைத்தான்.

ஏன் இந்த ஊர் என்று கேட்டால், முதல் காரணம் பாதை. 1801-ல் பாளையக்காரர் போர்கள் ஓய்ந்த பிறகு தெற்கே இருந்து கருப்பட்டி, கருவாடு, உப்பு, புகையிலை என்று மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு நாடார் வியாபாரிகள் வடக்கே வரத் தொடங்கினார்கள். வழிப்பறி பயம் அப்போதும் விட்டபாடில்லை, அதனால் இரவு வண்டியை அவிழ்த்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டிப் படுக்கச் சுற்றுச்சுவர் வைத்த இடங்களை அவர்களே கட்டிக்கொண்டார்கள். அதுதான் பேட்டை. விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை, திருமங்கலம், பாலையம்பட்டி, சாத்தங்குடி என்ற ஆறு ஊர்கள் அப்படிப் பேட்டைகளைச் சுற்றித்தான் வியாபார ஊர்களாக வளர்ந்தன. 1876-ல் மதுரை தூத்துக்குடி ரயில் பாதை வந்தது, கரிசல் பருத்தி இங்கே ஏறித் துறைமுகத்தில் இறங்கியது. 1927-ல் தென்காசிப் பாதையும் சேர, மேற்கே மலையாள நாட்டுப் பக்கமும் வழி திறந்தது.

ஆனால் பாதை மட்டும் இருந்தால் போதாது, நம்பிக்கை வேண்டும். என் பெரியப்பா ஒரு கமிஷன் மண்டியில் கணக்குப்பிள்ளை. பரீட்சை லீவில் அவரோடு போய்த் திண்டில் உட்கார்ந்திருப்பேன். தரகர் வருவார், இடுப்பிலிருந்து குத்தூசியை எடுப்பார். ஒரு சாண் நீளத்துக்கு இரும்பு, நடுவில் வாய்க்கால் மாதிரி பள்ளம். மூட்டையின் வயிற்றில் சரக்கென்று குத்துவார், பருப்பு அந்தப் பள்ளம் வழியே அவர் உள்ளங்கைக்கு வழிந்து வரும். ஊதுவார், இரண்டைக் கடித்துப் பார்ப்பார், ஒன்றை நகத்தால் கீறுவார். முண்டு வற்றல் (உருண்டை மிளகாய் வற்றல்) என்றால் காதோரம் ஆட்டிப் பார்ப்பார், விதை கலகலவென்றால் நன்றாகக் காய்ந்த சரக்கு, சத்தம் அமுங்கினால் ஈரம். ஊசியை உருவியதும் சாக்கு இழைமேல் கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு, ஓட்டை இருந்த இடமே தெரியாது. அதன்பின் பேசிய விலைக்கு எழுத்தும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. சரக்கு முதலில் போகும், பணம் தவணையில் பின்னால் வரும். சாம்பிள் ஒன்றும் மூட்டை வேறொன்றுமாக அனுப்பியவன் பெயர் அன்று சாயங்காலத்துக்குள் பஜார் முழுக்கத் தெரிந்துவிடும். அப்படிப் பெயர் கெட்டவன் மறுபடி எழுந்ததை நான் பார்த்ததில்லை.

பழைய பில் ஒன்றில் கமிஷன், கூலி இவற்றுக்குக் கீழே 'மகமை' என்று ஒரு வரி இருந்தது. அது என்ன வரி? யாருக்குப் போகும்? (கல்லூரி மாணவி, அருப்புக்கோட்டை)

அந்தப் பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ளம்மா, உன் ஊர்ச் சரித்திரமே அந்த ஒரு வரியில் இருக்கிறது. மகமை அரசாங்க வரியே கிடையாது. வியாபாரிகள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட வரி. பேட்டைக்குள் வந்த வண்டிக்கு, இறங்கிய மூட்டைக்கு, விற்ற தொகைக்கு இவ்வளவு என்று எடுத்து வைப்பார்கள். அதை உறவின்முறை என்ற நாடார்களின் ஊர்ச் சபை வாங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளும். முதலில் பேட்டைக் காவலுக்கும் கிணற்றுக்கும் கோயிலுக்கும் போன பணம், பிறகு பள்ளிக்கூடத்துக்குப் போனது.

1880களில் அந்தப் பணத்தில் எழுந்ததுதான் க்ஷத்திரிய வித்யாசாலா. அத்தோடு பிடி அரிசி என்றும் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்துக் கலயத்தில் போடுவார்கள், அதைச் சேர்த்துப் பள்ளிக்கூடத்தை நடத்துவார்கள். மண்டி முதலாளியும் கொடுத்தார், மாடு வைத்திருந்தவரும் கொடுத்தார். எனக்கு இதை எழுதும்போதே மனசு நிறைகிறது. 1903-ல் இந்த ஊரில் பிறந்த காமராஜ் என்ற சிறுவன் ஏனாதி நாராயண வித்யாசாலையில் கொஞ்ச நாள் படித்துவிட்டு, அப்புறம் இந்தப் பிடி அரிசிப் பள்ளிக்குத்தான் வந்தான். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார், படிப்பு பாதியில் நின்றது, மாமாவின் ஜவுளிக் கடையில் துணி கிழித்துக் கொடுக்கும் வேலை. முதலமைச்சரானதும் அவர் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதியச் சோறு போட்டாரே, அந்த யோசனையின் வேர் தன் ஊர் அடுப்படிகளில் இருந்த அந்தக் கலயங்களில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

1947-ல் செந்திக்குமார நாடார் கல்லூரி, 1962-ல் வன்னியப்பெருமாள் பெண்கள் கல்லூரி, எல்லாம் இதே வியாபாரக் கைகள் கொடுத்ததுதான்.

'விருது' நகர் என்றால் யார் யாருக்கு விருது கொடுத்தார்கள்? (எட்டாம் வகுப்பு மாணவன், மதுரை)

கொடுக்கவில்லை தம்பி, வெட்டினார்கள்! பல ஊர்களில் ஜெயித்து விருதுகளைச் சுமந்துவந்த ஒரு வீரனை இந்த ஊர்க்காரர் ஒருவர் வென்று அந்த விருதுகளைப் பறித்தார், அதனால் 'விருதுவெட்டி', அது மருவி விருதுப்பட்டி என்று சொல்லிக்கொள்வார்கள். அது கதை. 1923-ல் நகரசபை 'பட்டி'யை எடுத்துவிட்டு விருதுநகர் என்று மாற்றியது வரலாறு. வெளியூரில் வயதானவர்கள் சிலர் இன்னும் விருதுப்பட்டி என்பார்கள், கேட்டுப் பார்.

நீங்கள் சொல்வது ஒரே சாதியின் வெற்றிக் கதையாக இருக்கிறது. மூட்டை தூக்கியவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லையே? (ஆசிரியர், சாத்தூர்)

கேட்கவேண்டிய கேள்வி ஐயா. முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நாடார்கள் தங்களுக்கென்று கிணறும் பள்ளியும் கோயிலும் கட்டிக்கொண்டதற்குக் காரணம், மற்றவர்களுடையவற்றில் இவர்களுக்கு இடம் இல்லை. 1897-ல் கமுதிக் கோயிலுக்குள் போனதற்கு வழக்கு, அது அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908-ல் நாடார்களுக்கு எதிராகவே தீர்ந்தது. இடையில் 1899-ல் நாடார்களுக்கு எதிரான சிவகாசிக் கலவரம். அந்தக் காயம் ஆறாததால்தான் சுயமரியாதை இயக்கத்துக்கு இந்தப் பக்கம் அவ்வளவு ஆதரவு கிடைத்தது, மூன்றாவது சுயமரியாதை மாநாடு 1931-ல் இங்கேதான் நடந்தது.

ஆனால் நீங்கள் சொல்வதையும் ஒப்புக்கொள்கிறேன். நான் திண்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த அதே கிட்டங்கியில், பின்பக்கம் இருபது முப்பது பெண்கள் வட்டமாக உட்கார்ந்து வற்றலுக்குக் காம்பு கிள்ளுவார்கள். முகத்தில் முந்தானையை இறுக்கிக் கட்டியிருப்பார்கள், கண் மட்டும் தெரியும், அதிலும் தண்ணீர் வழியும். கையில் எரிச்சல் அடங்கத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு சாயங்காலம் எடை போட்டுக் கூலி வாங்குவார்கள். அந்தக் கையோடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்க முடியாது என்று ஒரு அக்கா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. மூட்டை தூக்கிய அண்ணன்மாருக்கு ஐம்பது வயதில் முதுகு வளைந்துவிடும். இவர்களில் பலர் நாடார்கள் அல்ல, அவர்களுக்கென்று மகமையும் உறவின்முறையும் இல்லை, சேர்த்துவைக்க மிச்சமும் இல்லை. விருதுநகர் வரலாற்றை இவர்களை விட்டுவிட்டு எழுதினால் அது பாதிதான். என் சென்ற இதழ் நான்கு வரியும் அப்படிப் பாதிதான் என்று இப்போது தெரிகிறது.

காமராஜரையே தோற்கடித்த ஊர்தானே? (வாசகர், நாகர்கோவில்)

ஆமாம். 1967-ல், 1,285 வாக்கில், பெ. சீனிவாசன் என்ற இளைஞரிடம். இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் சூடும் அரிசித் தட்டுப்பாடும் சேர்ந்த தேர்தல் அது, மாநிலம் முழுக்க வீசிய காற்று இங்கேயும் வீசியது. இரண்டு வருஷத்தில் உங்கள் ஊர்தான் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது, அந்தப் பெருமை உங்களுக்கு. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அந்த 1,285 என்ற எண்ணைக் கடனைச் சொல்வது மாதிரி தாழ்ந்த குரலில்தான் சொல்வார்கள்.

அப்பாவுக்கு மண்டி. நான் பி.காம். முடித்துச் சென்னையில் வேலை பார்க்கிறேன். 'வந்து கடையைப் பார்' என்கிறார். போனிலேயே எல்லாருக்கும் விலை தெரியும் காலத்தில் தரகும் கமிஷனும் நிற்குமா அண்ணாச்சி? (ஊரும் பெயரும் வேண்டாம்)

விலையைச் சொல்வதற்காக மட்டும் ஒரு ஆள் என்றால் நிற்காது தம்பி, அதை மறைக்க விரும்பவில்லை. முன்பு தந்தியிலும் டிரங்க் காலிலும் வந்த சேதி இப்போது பர்மா உளுந்து கப்பலேறும் முன்பே எல்லார் கைக்கும் வந்துவிடுகிறது. இறக்குமதித் தீர்வையில் டில்லி ஒரு கையெழுத்துப் போட்டால் இங்கே கிட்டங்கியில் அடுக்கிய சரக்கின் மதிப்பு ராத்திரியோடு ராத்திரியாக இறங்கிவிடும். அப்பாவுக்கு அந்த அடி விழுந்திருக்கும், கேட்டுப்பார்.

ஆனால் சரக்கைக் கண்ணால் பார்த்துத் தரம் சொல்வது, ஈரம் பிடிக்காமல் இருப்பு வைப்பது, யாருக்கு எத்தனை நாள் கடன் தாங்கும் என்று தெரிந்திருப்பது, இந்த மூன்றையும் போன் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. இன்னொன்று, மூட்டையாக வாங்கி மூட்டையாக விற்றவர்களைவிடப் பேர் போட்டு விற்றவர்கள் பிழைத்தார்கள். இதயம் நல்லெண்ணெய் இந்த ஊர்ச் சரக்குதானே? எள் வியாபாரம் எத்தனையோ பேர் செய்தார்கள், பாட்டிலில் அடைத்து வீட்டு அடுப்படி வரைக்கும் போனவர்கள் சிலர்தான். வேலையை உடனே விட்டுவிடாதே. ஒரு மாதம் லீவு கேட்டு வா, தை மாசிக்குப் பிறகு புது வற்றல், மல்லி வரத்து இருக்கும் நேரமாகப் பார்த்து வா. அப்பாவின் கடன் பேரேட்டை முதல் பக்கத்திலிருந்து படி. வரவேண்டிய பாக்கி கடையில் போட்ட முதலீட்டைவிடக் கூடுதலாக இருந்தால் அவருக்குத் தேவைப்படுவது வாரிசு இல்லை, வசூலுக்கு ஒரு ஆள். அதைப் பார்த்த பிறகு முடிவு செய், எனக்கும் எழுது.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. விருதுநகரில் எதைப் பார்க்கலாம்? (குடும்பத்தலைவி, கோயம்புத்தூர்)

காலையிலேயே வந்துவிடுங்கள் அம்மா, பத்து மணிக்கு மேல் வெயில் பொறுக்காது. தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்தாலே பஜார் முழுக்கப் பார்த்ததாகிவிடும், மல்லி வாசனையும் வற்றல் நெடியும் மாறி மாறி அடிக்கும், பிள்ளைகள் தும்மினால் பயப்படாதீர்கள். பக்கத்துச் சந்தில் காமராஜர் வீடு. நினைவில்லம் என்றதும் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள், நம் வீட்டுத் திண்ணை அளவுதான், அதைப் பார்க்கத்தான் போகவேண்டும். தேசபந்து மைதானத்துக்கும் போங்கள். சென்னை மாகாணத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வை என்பதை முதல் கோரிக்கைகளில் ஒன்றாக வைத்துச் சங்கரலிங்கனார் 1956 ஜூலை 27-ல் உண்ணாவிரதம் தொடங்கி, அக்டோபர் 13-ல் உயிரையே விட்டார். அவர் கேட்ட பெயர் 1969-ல்தான் வந்தது. பிள்ளைகளுக்கு அங்கே நின்று அதைச் சொல்லுங்கள்.

பங்குனியில் வர முடிந்தால் மாரியம்மன் பொங்கலும் பொருட்காட்சியும் கிடைக்கும், ஆனால் தங்க இடம் கிடைக்காது. சாயங்காலம் எண்ணெய்ப் பரோட்டா சாப்பிடாமல் ரயில் ஏறாதீர்கள். கல்லில் எண்ணெய் குளம் மாதிரி நிற்கும், அதில் மிதந்து மொறுமொறுவென்று பொரிந்து வரும். பிய்த்துப் போட்டு, சால்னாவை மேலே ஊற்றி, ஊறுவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும். பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒன்று போதும், வயிறு கனக்கும்.