சமூகவியல் படித்துவிட்டு அரசுக்கு ஆலோசனை சொல்ல முடியுமா?

கேள்வி: எம்.ஏ. சமூகவியல் கடைசி வருடம் படிக்கிறேன். ஆராய்ச்சியிலும் இருக்க வேண்டும், அரசின் திட்டங்களுக்கு ஆலோசனையும் சொல்ல வேண்டும் என்று ஆசை. ‘அதுக்கு நேரா ஐ.ஏ.எஸ். எழுதலாமே’ என்கிறார் அப்பா. என்ன செய்ய?
- வாசகி, திருச்சி

பதில்: இரண்டும் முடியும், ஆனால் வரிசை முக்கியம். ஏதாவது ஒரு விஷயத்தில் ‘இவரைக் கேட்டால் தெரியும்’ என்று பெயர் வாங்கியவரைத்தான் ஆலோசனைக்குக் கூப்பிடுவார்கள். அதற்கு வருடங்கள் பிடிக்கும். இதை அப்பாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேயைப் பாருங்கள். 1959-ல் டெல்லி பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்தவர், 1960களின் தொடக்கத்தில் தஞ்சாவூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் வந்து தங்கி சாதி, நிலம், அதிகாரம் மூன்றையும் ஆராய்ந்தார். தங்கியது அக்ரஹாரத்தில். அதனாலேயே சேரிக்குத் தாராளமாகப் போய்வர முடியவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். எந்தத் தெருவில் தங்குகிறோமோ, அந்தத் தெருவின் பதில்தான் நமக்குக் கிடைக்கும். ஊர்த் தலைவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே படிவத்தை நிரப்பிவிட்டுப் போகும் கணக்கெடுப்புகளுக்கும் இது பொருந்தும்.

2005-ல் அவர் பிரதமருக்கு ஆலோசனை சொல்ல மத்திய அரசு அமைத்த தேசிய அறிவு ஆணையத்தில் உறுப்பினரானார். மறு வருடமே, மத்திய உயர்கல்வி நிறுவனங்களில் பிற்படுத்தப்பட்டோருக்கான இடஒதுக்கீட்டை எதிர்த்து விலகினார். அந்த நிலைப்பாட்டில் எனக்குத் துளியும் உடன்பாடில்லை. ஆனால் எழுந்து வர முடிந்தது பாருங்கள்! அந்தப் பதவியை நம்பி அவர் வீட்டில் உலை கொதிக்கவில்லை. ஐ.ஏ.எஸ். அதிகாரி அப்படி எழ வேண்டுமென்றால் சம்பளத்தையும் சேர்த்து விட வேண்டும். அப்பாவுக்கு இதுதான் பதில்.

சரி, உடனே செய்ய வேண்டியது, கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் தகுதி தரும் நெட் தேர்வு. அதில் ஜே.ஆர்.எஃப். என்ற அந்த ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. வயது வரம்பில் பெண்களுக்கு 5 வருடச் சலுகை உண்டு. சென்னை அடையாறில் பொருளாதார அறிஞர் மால்கம் ஆதிசேசய்யா 1971-ல் தொடங்கிய வளர்ச்சி ஆய்வு நிறுவனத்தையும் விசாரியுங்கள். புள்ளியியலைக் கண்டு ஒதுங்க வேண்டாம். மத்திய அரசு வீடு வீடாக எடுக்கும் தேசிய மாதிரி ஆய்வின் தரவுகள் இலவசமாகவே கிடைக்கின்றன, எடுத்துப் பழகுங்கள்.

அப்புறம், ஆய்வேட்டை முடித்ததும் தமிழில் இரண்டு பக்கக் குறிப்பு ஒன்று எழுதி வையுங்கள். 300 பக்கம் படிக்க எந்தத் துறைச் செயலாளருக்கும் நேரமில்லை. எந்த அரசாணையில் எதை மாற்றினால் யாருக்குப் பலன், எவ்வளவு செலவு என்பது முதல் பத்தியிலேயே இருக்கட்டும்.