யாரும் கூப்பிடாமல் போன கப்பல்

அன்புள்ள ஐயா,

சிட்னி குடியேற்றம் பற்றிய கட்டுரையில், 'சிட்னி கோவ்' என்ற சரக்குக் கப்பல் கல்கத்தாவிலிருந்து லஸ்கர்களோடு போனதாக ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். கைதிகளை அங்கே இறக்கியது லண்டன் அரசாங்கம். சோறு போடவேண்டியதும் அவர்கள்தானே, கல்கத்தாவுக்கு என்ன வேலை? அப்புறம், எங்கள் ஊரில் மதகு திறந்துவிடும் பொதுப்பணித்துறை ஊழியரைத்தான் லஸ்கர் என்போம். இரண்டும் ஒன்றா?

மு., தஞ்சாவூர்

அன்புள்ள மு.,

ஒரே சொல்தான். பாரசீகத்தில் லஷ்கர் என்றால் படை. ஐரோப்பியக் கப்பல்களில் கூலிக்குச் சேர்ந்த ஆசிய மாலுமிகளுக்கு அது பெயராயிற்று. தரையில் பீரங்கி இழுப்பவர், கூடாரம் அடிப்பவரும் லஸ்கர்களே. உங்கள் ஊர் மதகுக்காரருக்கு அந்தப் பெயர் இன்னும் இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

சோறு விஷயத்துக்கு வருகிறேன். 1788 ஜனவரியில் முதல் கைதிகளோடு போய்ச் சேர்ந்த 11 கப்பல்களில் மூன்று சரக்குக்கென்றே போனவை. மாவு, உப்பிட்ட இறைச்சி, ரம் எல்லாம் அவற்றில்தான். ஆனால் அங்கே விளைச்சல் ஏமாற்றிவிட்டது. அடுத்து லண்டன் அனுப்பிய 'கார்டியன்' கப்பல் 1789 டிசம்பரில் பனிப்பாறையில் மோதி, தட்டுத்தடுமாறி ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்குத் திரும்பியது. சிட்னியில் ரேஷனை வெட்டிக்கொண்டே போனார்கள். லண்டனைவிடக் கல்கத்தா பக்கம் என்பது ஆளுநர் ஃபிலிப்புக்குப் புரிந்தது. 1791-ல் அவர் கல்கத்தாவுக்கு அனுப்பிய 'அட்லாண்டிக்' கப்பல் அடுத்த ஆண்டு ஜூனில் அரிசி, ரவை, பருப்போடு வந்தது. ஆங்கிலேயக் கைதிகள் பருப்பை என்ன செய்தார்கள் என்று யோசித்தால் சிரிப்பு வருகிறது.

அந்த வாசனை கல்கத்தா வியாபாரிகளுக்கு எட்டிவிட்டது. 'கேம்பல் அண்ட் கிளார்க்' கம்பெனியிடம் யாரும் சரக்கு கேட்கவில்லை. அவர்களாகவே 'பேகம் ஷா' என்ற கப்பலுக்கு, வாங்கப்போகிறவன் ஊர்த்துறையின் பெயரையே வைத்து 'சிட்னி கோவ்' ஆக்கினார்கள். அரிசி, தேயிலை, துணி, பீங்கான் எல்லாம் ஏற்றினார்கள். ஆனாலும் அவர்கள் நம்பியது சுமார் 7,000 காலன் ரம்மை. 1792-ல் வந்த ஓர் அமெரிக்கக் கப்பல், ரம்மையும் சேர்த்து எடுத்தால்தான் உணவுப் பொருள் என்று அடம்பிடித்தே விற்றிருந்தது. அங்கே எது விலைபோகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

1796 நவம்பர் 10 அன்று கிளம்பியது. வழியில் ஒழுகத் தொடங்கியது. டாஸ்மேனியாவுக்கு வடக்கே நீரிணை இருப்பது அப்போது தெரியாது, எனவே தெற்கே சுற்றித்தான் போகவேண்டும். வங்காளத்து வெயிலுக்குப் பழகிய லஸ்கர்கள் அந்தக் குளிரில் இரவு பகலாக பம்பு அடித்தார்கள். சிலர் செத்தும் போனார்கள். 1797 பிப்ரவரி 9 அன்று கேப்டன் ஹாமில்டன் கப்பலை ஒரு சிறு தீவின் ஓரமாகத் தரைதட்டவைத்தார். பிறகு செய்த காரியங்களில் ஒன்று, ரம்மைப் பக்கத்துக் குட்டித் தீவுக்கு மாற்றியது. மாலுமிகள் கை வைத்துவிடக் கூடாதே! அந்தத் தீவின் பெயர் இன்றும் ரம் தீவு.

உதவி கேட்க 17 பேர் பெரிய படகில் கிளம்பினார்கள்; 12 பேர் லஸ்கர்கள். விக்டோரியாக் கரையில் படகும் உடைந்தது. சிட்னிக்கு 600 கிலோமீட்டருக்கு மேல், கடலோரமாக நடை. பூர்வகுடிகள் மீன் கொடுத்தார்கள், ஆறுகளைக் கடக்கத் தோணி தந்தார்கள். சில இடங்களில் மோதலும் நடந்தது. மே மாதத்தில் ஒரு மீன்பிடிப் படகு கண்டெடுத்தபோது மிஞ்சியிருந்தது மூன்றே பேர்: வில்லியம் கிளார்க், ஜான் பென்னட், ஒரு லஸ்கர். நான் படித்த இடத்திலெல்லாம் மூன்றாமவர் 'ஒரு லஸ்கர்'தான். இத்தனை காலன் ரம் என்று கணக்கு இருக்கிறது.

சரி, கம்பெனி நொடித்துப் போனதா என்றால், இல்லை. 1798-லேயே அந்தக் குடும்பத்து இளைஞர் ராபர்ட் கேம்பல் இன்னொரு கப்பலில் சரக்கோடு வந்தார். துறைமுகத்தில் இடம் வாங்கினார், கிடங்கு கட்டினார். கேம்பல் கிடங்குகள் என்ற பெயரில் சிட்னித் துறையில் இப்போதும் வரிசையாக நிற்கும் கட்டடங்கள் பின்னாளில் கேம்பல் குடும்பம் எழுப்பியவை. இன்று அவற்றில் உணவகங்கள் நடக்கின்றன.