ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு வட்டம் எதற்கு?

கேள்வி: கோவையில் விஸ்காம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். புராஜெக்ட்டுக்காக இரண்டு நிமிட அரூப அனிமேஷன் செய்ய வேண்டும். மிருதங்கத் தனி ஆவர்த்தனம் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு வட்டமோ வெடிப்போ வருகிற மாதிரி ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளில் செய்து காட்டினேன். ‘ஸ்க்ரீன்சேவர் மாதிரி இருக்கிறது’ என்று சொல்லிவிட்டு, 1920களின் ஜெர்மன் படங்களைப் பார்க்கச் சொன்னார் ஆசிரியர். பார்த்தேன். அவர்களுக்கு அதெல்லாம் எங்கிருந்து தோன்றியது? நான் எங்கே போய்த் தேடுவது?

பதில்: ஆசிரியர் சரியான இடத்துக்குத்தான் அனுப்பியிருக்கிறார். ஆனால் அங்கிருந்து வடிவங்களை அள்ளிக்கொண்டு வராதீர்கள். வட்டமும் முக்கோணமும் கோடும் எல்லார் கையிலும் இருப்பவை. அந்த ஆட்கள் வேறொரு கலையின் ஒழுங்கைக் கடன் வாங்கினார்கள். அப்புறம், கையில் இருந்த பொருள் அந்த ஒழுங்கை எப்படிப் புரட்டிப்போடுகிறது என்று பொறுமையாகப் பார்த்தார்கள். உங்களிடம் ஒழுங்கும் இல்லை, முரண்டு பிடிக்கிற பொருளும் இல்லை. மென்பொருள் நீங்கள் கேட்டதை உடனே கொடுத்துவிடுகிறது, சிக்கலே அதுதான்.

ஹான்ஸ் ரிக்டர் ஓவியர். கறுப்பையும் வெள்ளையையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்திப் படம் வரைய முயன்றுகொண்டிருந்தபோது, சூரிச்சில் இசையமைப்பாளர் புசோனியைச் சந்தித்தார். பழைய ஜெர்மன் இசைமேதை பாக்கின் இசையில் ஒரு குரலுக்கு இன்னொரு குரல் எப்படிப் பதில் சொல்கிறது என்பதைப் படி என்றார் புசோனி. ஏறத்தாழ அதே சமயத்தில், 1918இல், சுவீடன்காரர் வைக்கிங் எக்லிங் ரிக்டருக்கு அறிமுகமானார். கோடுகளுக்கு ஓர் இலக்கணமே எழுதிவிடுகிற ஆவேசத்தில் இருந்தவர் அவர். இருவரும் நீளமான காகிதச் சுருள்களில் வரைய ஆரம்பித்தார்கள். ஒரு உருவம், அடுத்து அதன் சிறு மாற்றம், அதற்கடுத்து அதற்கு நேரெதிர். கண் சுருளில் நகர நகர, நேரம் என்ற ஒன்று ஓவியத்துக்குள் வந்துவிட்டது. சினிமா எடுக்க வேண்டும் என்று அவர்கள் புறப்படவில்லை. சுருளில் எழுந்த சிக்கல்தான் சினிமாவில் கொண்டுபோய் விட்டது.

எக்லிங்கின் ‘சிம்ஃபோனி டயகனால்’ படத்தை இன்னொரு முறை பாருங்கள். தலைப்பில் சிம்ஃபோனி இருக்கிறது, படத்தில் சத்தமே கிடையாது. சீப்பு போன்ற ஒரு உருவம் பல் பல்லாக வளர்கிறது, வளர்ந்த வரிசையிலேயே கலைகிறது. எதிர்ப்பக்கத்தில் இன்னொன்று அதற்குப் பதில் சொல்கிறது. இசையிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது கட்டுமானத்தை மட்டும். அந்தப் படம் 1925 மே 3 அன்று பெர்லினில் பொதுமக்களுக்குத் திரையிடப்பட்டது. 19ஆம் தேதி எக்லிங் இறந்துபோனார்.

வால்டர் ருட்மன் இன்னொரு வழிக்காரர். ஓவியத்துக்கு நேரம் வேண்டும் என்று அவரும் நினைத்தார். கண்ணாடியில் எண்ணெய்ச் சாயத்தால் வரைந்து, கேமராவுக்கு அடியிலேயே துடைத்து மாற்றி, மறுபடி எடுத்து 1921இல் ‘ஓபஸ் 1’ செய்தார். அதற்கு மாக்ஸ் பட்டிங் எழுதிய இசைக்குறிப்பில், வாத்தியக்காரர்கள் திரையோடு சேர்ந்து வாசிப்பதற்காகப் படத்தின் உருவங்களை வண்ணத்தில் சின்னச் சின்னதாக வரைந்து வைத்திருந்தார்கள். இசைக்கும் படத்துக்கும் ஒரே தாள். இந்த ஒரு யோசனையை நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம், யாரும் காப்பி என்று சொல்ல மாட்டார்கள்.

உங்களுக்கு அதிகம் உதவப் போகிறவர் ஆஸ்கர் ஃபிஷிங்கர். 1900இல் பிறந்தவர். முதலில் பைப் ஆர்கன் செய்யும் பட்டறையில் தொழில் பழகி, பிறகு பொறியியல் பக்கம் போனார். ஓவியக் கல்லூரியில் தேறி வந்த ஆள் இல்லை. ஷேக்ஸ்பியர் நாடகமொன்றின் உணர்ச்சி ஏற்ற இறக்கத்தை நீளமான சுருளில் வரைபடமாகப் போட்டுக் காட்டியவர் அவர். ருட்மனின் படத்தைப் பார்த்தபின் ஒரு இயந்திரம் செய்தார். வண்ண மெழுகையும் வெண்களிமண்ணையும் குழைத்து ஒரு கட்டியாக்குவது, அதைக் கத்தி மெல்லிய சீவலாகச் சீவுவது, ஒவ்வொரு சீவலுக்கும் கேமரா ஒரு ஃபிரேம் எடுப்பது. கட்டிக்குள் புதைந்திருக்கும் வண்ண ரேகைகள் திரையில் நெளிந்து நெளிந்து போகும். கட்டியைச் செய்தவருக்கே உள்ளே என்ன வரும் என்று பாதிதான் தெரியும்.

பிறகு, 1930ஐ ஒட்டிய வருடங்களில், ‘ஸ்டடி’ வரிசை. வெள்ளைத் தாளில் கரியால் வரைந்து, படச்சுருளின் நெகட்டிவ்வையே பயன்படுத்தினார். கறுப்பு வெளியில் வெளிச்சக் கோடுகள் பறக்கும். 1931இல் வந்த 7ஆம் எண் படத்துக்குப் பிராம்ஸின் ‘ஐந்தாவது ஹங்கேரிய நடனம்’ என்ற இசை. இசையோடு கச்சிதமாக ஒட்டிய படம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு கோடு ஓர் ஒலியில் கிளம்பினால், அந்த ஒலி அடங்கியபின்னும் வளைந்து உள்ளே ஆழத்துக்குப் போய்க்கொண்டிருக்கும். அது போகும்போதே அடுத்தது நுழையும். உங்கள் வட்டங்களோ பிறந்த ஃபிரேமிலேயே செத்துப்போகின்றன. 1947இல் ‘மோஷன் பெயின்டிங் நம்பர் 1’ எடுத்தபோது இந்த ஒட்டுதலையும் அவர் விட்டுவிட்டார். ஒளி ஊடுருவும் அக்ரிலிக் பலகையில் எண்ணெய்ச் சாயம். தூரிகை தொடத் தொட ஒரு ஃபிரேம். சுமார் 11 நிமிடம் ஓடும் அந்தப் படத்தில் பாக்கின் இசையும் ஓவியமும் பக்கத்துப் பக்கத்தில் நடக்கின்றன, அவ்வளவுதான். நடுவில் டிஸ்னியின் ‘ஃபேன்டசியா’வில் வேலை பார்த்து, தன் வடிவங்களை மாற்றினார்கள் என்று பாதியில் விலகிய கதையும் உண்டு.

நம் ஊர்த் தொடர்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இசை காற்றில் என்ன உருவம் எடுக்கும் என்று வண்ணப்படம் போட்டுக் காட்டிய ஒரு நூலை அன்னி பெசன்ட்டும் லெட்பீட்டரும் 1905இல் வெளியிட்டார்கள். வாக்னர் இசைக்கு ஒரு தேவாலயத்தின் மேல் மலைபோல எழும் வண்ண மேகம், அப்படி. அடையாறில் தலைமையகம் உள்ள பிரம்ம ஞான சபையின் இந்தச் சிந்தனைகள் அரூப ஓவியர் காண்டின்ஸ்கி வரை போயின. 1911இல் வெளிவந்த தன் நூலில் அவர் சபையைக் குறிப்பிடுகிறார். இதையெல்லாம் நீங்கள் நம்ப வேண்டியதில்லை. உந்துதலுக்கு எந்த மூலையிலிருந்தும் தீப்பொறி வரலாம் என்பதற்காகச் சொன்னேன்.

அடுத்து நார்மன் மெக்லாரன். ஸ்காட்லாந்தில் மாணவராக இருந்தபோது கேமராவுக்கு வழியில்லாமல், பழைய பிலிமைக் கழுவி அதன் மேலேயே வரைந்தவர். ஃபிஷிங்கரின் 7ஆம் எண் படத்தைப் பார்த்து ஆடிப்போனவர். ஆனால் அதுபோல ஒரு படம் அவர் எடுக்கவில்லை. கனடாவில் 1949இல் எவலின் லம்பார்ட்டுடன் சேர்ந்து ‘பிகான் டல் கேர்’ செய்தார். ஆஸ்கர் பீட்டர்சன் குழுவின் ஜாஸ். பிலிமை நீளமாக விரித்துச் சாயம் பூசுகிறார்கள். ஈரம் காய்வதற்குள் தூசி விழுகிறது. விழுந்த இடத்தில் சாயம் விலகி, துகளைச் சுற்றி ஒரு வளையம் உண்டாகிறது. இன்னொருவர் துடைத்திருப்பார். இவர்கள் வேண்டுமென்றே தூசியை விழவிட்டார்கள். கனடா தேசியத் திரைப்பட வாரியத்தின் தளத்தில் இந்தப் படம் இலவசமாகவே கிடைக்கிறது. நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். முதலில் கணினியை மூடிவையுங்கள். நீளமாக ஒட்டிய தாள்களில், தனி ஆவர்த்தனத்தை ஆவர்த்தனம் ஆவர்த்தனமாக, அதாவது தாளத்தின் ஒவ்வொரு முழுச் சுற்றாக, கோடிழுத்துப் பிரியுங்கள். தட்டுகளைக் குறிக்காதீர்கள். தாளத்தின் ஒரு எண்ணிக்கையை எத்தனையாகப் பிரிப்பது என்ற நடை எங்கே மாறுகிறது, எங்கே மௌனம் விழுகிறது, முடிப்புக்கான சொற்கட்டான மோரா எங்கே தொடங்குகிறது, நிறைவுக் கணக்கான கோர்வை மூன்று தடவை வந்து எங்கே இறங்குகிறது என்பதை மட்டும் குறியுங்கள். உங்களுக்குத் தேவையான ஒழுங்கு அதில்தான் இருக்கிறது. கோர்வையின் மூன்றாவது சுற்றில் சபை ஏன் நிமிர்ந்து உட்காருகிறது? முதல் இரண்டும் ஒரு எதிர்பார்ப்பைக் கட்டிவிடுவதால். திரையிலும் அதைச் செய்யலாம்: ஓர் உருவம் இரண்டு முறை முழுமையடையாமல் நிற்கட்டும்.

அப்புறம் பொருள். கரி, ஈரச் சாயம், மணல், கோலமாவு, எதுவானாலும் சரி, ஒன்றே ஒன்று. பிலிமில் வரைவது போல வேண்டுமென்றால், ஓ.ஹெச்.பி. ஷீட் எனும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளை நறுக்கி ஸ்கேன் செய்யலாம். ஆனால் 35 மி.மீ. பிலிமில் ஒரு அடிக்கு 16 ஃபிரேம். இரண்டு நிமிடத்துக்கு 180 அடி நறுக்க வேண்டும். நான் கரியைத்தான் சிபாரிசு செய்வேன். ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு வைத்தால் நொடிக்கு 12 படம், மொத்தம் 1440. போனை மேலிருந்து பார்க்கிற மாதிரி ஸ்டாண்டில் மாட்டி, ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் லாக் செய்துவிடுங்கள். ஜன்னலையும் மூடிவிடுங்கள், மேகம் நகர்ந்தாலே படம் மினுக்கும். முதலில் 10 நொடிக்கு மட்டும் செய்து பாருங்கள். அழித்தபின் தாளில் தங்கும் கரித்தடம் எரிச்சலூட்டும். அந்தத் தடத்தோடு கொஞ்சம் மல்லுக்கட்டுங்கள்.

கணக்கு ஒன்று. நொடிக்கு 24 ஃபிரேம் என்றால் நிமிடத்துக்கு 1440. அதை வேகத்தால் வகுத்தால் ஒரு அட்சரத்துக்கு (தாளத்தின் ஒரு எண்ணிக்கைக்கு) எத்தனை ஃபிரேம் என்று வந்துவிடும். நிமிடத்துக்கு 90 அட்சரம் என்றால் 16. அட்சரத்தை நான்காகப் பிரிக்கும் சதுஸ்ர நடைக்கு 4, 4 ஆகச் சரியாக விழும், மூன்றாகப் பிரிக்கும் திஸ்ரம் வந்தால் தடுக்கும். 60 வைத்தால் ஒரு அட்சரம் 24 ஃபிரேம்: சதுஸ்ரத்துக்கு 6, திஸ்ரத்துக்கு 8, இரண்டும் முழு எண். ஆதி தாளத்தில் ஒரு ஆவர்த்தனம் 8 நொடி, இரண்டு நிமிடத்துக்குச் சரியாக 15 ஆவர்த்தனம். ஐந்தாகப் பிரிக்கும் கண்ட நடையை மட்டும் தவிர்த்துவிடுங்கள், 4.8 ஃபிரேமை எங்கே கொண்டுபோய் வைப்பது?

கடைசியாக, எந்த வித்வானின் பதிவை எடுத்திருக்கிறீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. ஒலிப்பதிவுக்கு நம் நாட்டில் வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம் காப்புரிமை உண்டு. வகுப்பில் காட்டுவதோடு நின்றால் பிரச்சினை வராது. விழாவுக்கு அனுப்பினாலோ யூடியூபில் ஏற்றினாலோ அனுமதி கேட்பார்கள். தவிர, கச்சேரிப் பதிவில் வேகம் மெல்ல ஏறிக்கொண்டே போகும், மேலே சொன்ன கணக்கு அதற்கு ஒத்துவராது. மிருதங்கம் படிக்கும் நண்பர் ஒருவரைப் பிடித்து, மெட்ரோனோமை 60இல் வைத்து இரண்டு நிமிடத்துக்குப் புதிதாக வாசிக்கச் சொல்லுங்கள். வரைந்த தாளை முன்னால் வைத்து வாசிக்கச் சொன்னால் இன்னும் நல்லது. இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று அவரிடம் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.