பாலிஎத்திலீன் கயிறும் வலையும்: கேள்வி பதில்

கேள்வி: நைலான் என்று சொல்லிக் கொடுத்த கயிறு தண்ணீரில் மிதக்கிறதே?

பதில்: அது நைலான் இல்லை. தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் நைலானின் அடர்த்தி 1.14, மூழ்கிவிடும். பாலிஎத்திலீன் 0.95, மிதக்கும். நம் கடைகளில் பிளாஸ்டிக் கயிறு எல்லாவற்றுக்கும் நைலான் என்றுதான் பெயர். பாலிப்ரொப்பிலீனும் மிதக்கும் என்பதால் தொட்டும் பாருங்கள். மெழுகு பூசியதுபோல வழுக்கினால் பெரும்பாலும் பாலிஎத்திலீன்தான்.

கேள்வி: டைனீமா என்ற பெயரில் விற்கும் பலமான கயிறும் இதே பாலிஎத்திலீனா?

பதில்: அதே பொருள்தான், மூலக்கூறுச் சங்கிலி மட்டும் மிக மிக நீளம். அவ்வளவு நீளச் சங்கிலிகள் இடியாப்பம்போலச் சிக்கிக் கிடக்கும், இழுத்தால் நேராகாது. 1970களின் கடைசியில் நெதர்லாந்தின் டிஎஸ்எம் நிறுவனத்தில் பால் ஸ்மித்தும் பீட் லெம்ஸ்ட்ராவும் அதைக் கரைப்பானில் கரைத்துச் சிக்கலைத் தளர்த்தினார்கள். அப்புறம் கூழ் இழையாக எடுத்து, சூட்டில் பல மடங்கு நீட்டினார்கள். சங்கிலிகள் ஒரே திசையில் படுத்துக்கொண்டன. பலம் முழுக்க அங்கிருந்துதான் வருகிறது.

கேள்வி: இரும்பைவிட 15 மடங்கு பலமாமே! 10 மி.மீ. ஸ்டீல் வயருக்குப் பதில் 3 மி.மீ. டைனீமா போதுமா?

பதில்: போதவே போதாது. அந்த 15 மடங்கு எடைக்கு எடை. இரும்பு இதைவிட 8 மடங்கு கனம். ஒரே தடிமனில் பார்த்தால் ஸ்டீல் வயருக்குச் சமம், அல்லது கொஞ்சம் கூடுதல்.

அவரே மீண்டும்: கம்பெனித் தாளில் 15 என்றுதான் அச்சடித்திருக்கிறது. நீங்கள் சொல்வது தப்பு.

பதில்: அதே தாளில் 'எடைக்கு எடை' என்று எங்காவது போட்டிருக்கும், தேடுங்கள். 3 மி.மீ. கயிற்றின் குறுக்குப் பரப்பு 10 மி.மீ. கயிற்றில் பதினொன்றில் ஒரு பங்குதான். கீழே ஆள் நிற்கும்போது அறுந்தால் என்ன ஆகும்? இன்னொன்று, முடிச்சுப் போடாதீர்கள். வழுக்கும், பலத்தில் பாதிக்குமேல் போய்விடும். பின்னித்தான் இணைக்க வேண்டும்.

கேள்வி: இஞ்சின் பக்கத்தில் கட்டலாமா?

பதில்: கூடாது. 70 டிகிரி தாண்டினாலே நம்ப முடியாது. வின்ச் டிரம்மில் (கயிறு சுற்றி இழுக்கும் உருளை) வழுக்கிய கயிற்றைப் பாருங்கள்: இழைகள் உருகி ஒட்டி, நகம்போலக் கெட்டியாகி மினுங்கும். அந்த இடத்தை வெட்டி எறியுங்கள்.

கேள்வி: என் நைலான் கயிறு மிதக்கிறது...

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: வெள்ளை பாலிஎத்திலீன் வலைக்குச் சாயம் போடலாமா?

பதில்: ஏறாது. இழை வார்க்கும்போதே நிறம் கலக்க வேண்டும்.

கேள்வி: மீன் செவுளில் மாட்டும் செவுள் வலைக்கு எது நல்லது?

பதில்: நைலான். மெலிசு, மிருது. பாலிஎத்திலீன் விறைப்பு, அது படகு இழுத்துப் போகும் பை வலைக்கு, அதாவது இழுவை மடிக்கு.

கேள்வி: அறுந்த நுனியைக் கொளுத்தி ஒட்டலாமா?

பதில்: பிசிறு அடங்க நுனியை மட்டும் லேசாக வாட்டலாம். இரண்டு துண்டை உருக்கி ஒட்டிப் பாரம் தூக்காதீர்கள். சூடு பட்ட இடத்தில் பலம் இல்லை.